காலி செய்யாத குடித்தனக்காரர்

அப்பாவின் ஈரலில் வந்து உட்கார்ந்ததற்குக் 'குடித்தனக்காரர்' என்று பெயர் வைத்தது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அது நடந்தது. டாக்டர் என் அண்ணன் ரிஃபாத்தை மட்டும் தனியே கூப்பிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டியிருந்தார். அண்ணன் கெய்ரோவில் இன்ஜினியர். அங்கிருந்து நேரே எங்கள் ஊரான மன்சூராவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, என்னையும் எஹ்ஸான் அத்தையையும் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். சொன்னான் என்றால், பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'கெட்டது' என்போம். சொன்ன கையோடு 'உங்களை விட்டுத் தூரமாகட்டும்' என்று சேர்த்துக்கொள்வோம். அண்ணனும் 'கெட்டது' என்றான். தூரமாகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அது இரண்டு சுவர் தள்ளி முன்னறையில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தை ஃப்ரிட்ஜ் மேல் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்த குர்ஆனை எடுத்து நீட்டினாள். மூன்று பேரும் கை வைத்தோம். இதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம். பித்தப்பையில் கல் என்று சொல்லிவிடுவது. "தெரிஞ்சா அன்னிக்கே மனசு விட்டுப் போயிடுவான் என் தம்பி" என்று அத்தை அழுதாள். எனக்கு இது அப்போதே பிடிக்கவில்லை. எழுபத்தெட்டு வயது மனிதரின் ஈரல் அவருடையது, எங்களுடையது இல்லை. ஆனால் இரண்டு பேர் அழுகிற இடத்தில் மூன்றாவது ஆள் நியாயம் பேச முடியுமா? கையை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"கதவச் சாத்திக்கிட்டு யாரப் பத்திடா பேசறீங்க?"

நான்தான் வாயைத் திறந்தேன்.

"குடித்தனக்காரரப் பத்திப்பா!"

"வகீஹப் பத்தியா? நல்லாத் திட்டுங்க. என் பங்குக்கும் சேத்துத் திட்டுங்க!"

அழுதுகொண்டிருந்த அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கவே தெரியாத அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். அந்த ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

வகீஹ் மாமா எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் 1976-லிருந்து குடியிருக்கிறார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூர். அவரும் ஆறு கானரிக் குருவிகளும்தான். பழைய வாடகைச் சட்டப்படி அவரைக் காலி செய்யவும் முடியாது, வாடகையை ஏற்றவும் முடியாது. அவர் மாதா மாதம் தருகிற வாடகைக்கு ஒரு கட்டுக் கீரை வராது. அதனால் அப்பா அவர் மேல் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். பால்கனியை அடைத்ததற்கு ஒன்று, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்ததற்கு ஒன்று, குருவிச் சத்தத்துக்கு ஒன்று. வாய்தா அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போவார்கள். ஒத்திவைத்ததும் எதிரே இருக்கிற காபிக்கடையில் தவ்லா ஆடிவிட்டு, ஒரே ஆட்டோவில் திரும்புவார்கள்.

வாய்தா இல்லாத நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் முன்னறையில் தவ்லாப் பலகை விரியும். பகடை போட்டுக் காய் நகர்த்துகிற ஆட்டம். வகீஹ் மாமா பகடையை உருட்ட மாட்டார், கிள்ளுவார். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, தனக்கு வேண்டிய எண் மேலே வருகிற மாதிரி நைசாக நழுவ விடுவார். "கிள்ளாதய்யா!" என்று அப்பா கத்துவார். நாற்பத்தொன்பது வருடமாக அவர் கிள்ளுகிறார், இவர் கத்துகிறார், இவர் தோற்கிறார். என் பெயர் இன்ஸாஃப். நியாயம் என்று அர்த்தம். "கோர்ட்டுல கிடைக்கல, அதான் வீட்டுலயே பெத்துக்கிட்டேன்" என்பார் அப்பா.

குடித்தனக்காரர் என்ற பெயர் எங்களுக்கு ரொம்ப வசதியாகிவிட்டது. டாக்டர் 'வக்கீல்' ஆனார். மே மாதம் தொடை வழியாகக் குழாய் விட்டு ஈரலுக்குள் மருந்து ஏற்றினார்கள், அது 'நோட்டீஸ்'. அண்ணன் போனில், "வக்கீல் என்ன சொல்றாரு?" என்பான். "நோட்டீஸ வாங்கிக்கிட்டாராம். ஆனா மூட்டை கட்டற மாதிரி தெரியலயாம்" என்பேன் நான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருப்பார். இப்படிப் பேசும்போது அது அவர் உடம்பு என்பது எனக்கே கொஞ்சம் மறந்துபோகும். அதற்காகத்தான் பேசினேனோ என்னவோ.

சிரிக்க வைக்கிற ஆளை இங்கே 'ரத்தம் லேசானவர்' என்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும்தான் லேசான ரத்தம், அண்ணனுக்குக் கனத்த ரத்தம். அப்பாவுக்கு ரத்தம் குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தபோது, "குறையாதா பின்ன? பாதிய இவளுக்குக் குடுத்துட்டேன்ல?" என்றார். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பதிலுக்கு நான் ஒன்று சொன்னேன்.

அந்த முதல் நோட்டீஸ் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மூன்று வாரம் காய்ச்சல், வாந்தி. விக்கல் மட்டும் ஒன்பது நாள். விக்கலுக்கு நடுவில், "ஒரு கல்ல எடுக்கவா இவ்வளவு? அஸ்வான்ல அணை கட்டினவன்கூட கல்லுக்கு இத்தனை டாக்டர் வெச்சுக்கலயே" என்றார். பத்து கிலோ இளைத்தார். நான் அவருக்கு உருளைக்கிழங்கு வேக வைத்து, நசுக்கி, ஜோக்கோடு ஊட்டினேன்.

கேட்கிறவர்களுக்கு இது ஜாலியான குடும்பம் மாதிரி தோன்றும். எனக்கு அது ஜெயில். காலையில் கண் திறக்கும்போதே, இன்றைக்கு எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது என்று தேட ஆரம்பிப்பேன். நான் சிரிக்காவிட்டால் அப்பா என் முகத்தைப் படித்துவிடுவார். அப்பா சிரிக்காவிட்டால் அத்தை என்னைச் சமையலறைக்கு இழுத்து, "தெரிஞ்சுபோச்சா? நீ ஏதாவது உளறினியா?" என்று கையைக் கிள்ளுவாள். நான் கணக்கு டீச்சராக இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. தப்பித்துப் போக இடமில்லை. ஒரே முன்னறை, ஒரே மின்விசிறி, ஒரே பொய்.

எனக்கு அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் விவாகரத்தாகி ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, அப்பா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தெரு முழுக்க, "வீட்டுல சண்டை போட ஆளில்லாம போர் அடிச்சுது, நான்தான் மகளத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு ஒருத்தியும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை. அதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் பித்தப்பையில் கல் இருக்கிறவரிடம் போய் யாரும் அப்படி நன்றி சொல்வதில்லை. சொன்னால் அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்ன மாதிரி.

ஆகஸ்டு வந்தது. பழைய வாடகைக்காரர்கள் ஏழு வருடத்தில் காலி செய்ய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்து, டிவியில் வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். "ஏழு வருஷமாம் வகீஹ். நம்ம ரெண்டு பேருல யாரு முன்னாடி காலி பண்றோம்னு பாத்துடலாம்" என்று அப்பா பகடையை உருட்டினார். நான் டீயை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். புது ஸ்கேன் முடிவு வந்திருந்தது. நான் கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு, அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்.

"எல்லா அறைக்கும் பரவிட்டாரா? ... ஞாயித்துக்கிழமை இன்னொரு நோட்டீஸா? அதுல என்ன லாபம்னு வக்கீல் சொல்றாரு? ... கூடிப்போனா சில வாரம். அதுக்கா அண்ணா? ... சரி, சரி, கத்தாத. அப்பாவுக்குத் தெரியாம ஞாயித்துக்கிழமை முடிச்சுடலாம்."

திரும்பினால் அப்பா நிற்கிறார். கையில் டீக் கிளாஸ். முகம் மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாம என்ன முடிக்கப் போறீங்க?"

"அப்பா, அது வந்து..."

"கவர்மெண்டே அவனுக்கு ஏழு வருஷம் குடுத்திருக்கு. நீங்க ஞாயித்துக்கிழமைங்கறீங்க! வெட்கமா இல்ல? எழுபத்தஞ்சு வயசு ஆளு, ஆறு குருவியத் தூக்கிட்டு எங்க போவான்?"

நான் என்ன சொல்ல? அது வகீஹ் மாமா இல்லை என்றால், பின்னே யார் என்பார். அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். முப்பத்தெட்டுப் படி. நாலு படிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே, விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நானும் ஏறினேன். 'வேண்டாம்' என்று சொல்லக்கூட எனக்குக் காரணம் இல்லை. பித்தப்பைக் கல்லுக்குப் படி ஏறினால் என்ன?

மேலே போய்க் கதவைத் தடியால் இடித்தார்.

"வகீஹ்! என் பிள்ளைங்க உன்ன ஞாயித்துக்கிழமை காலி பண்ணப் பாக்குதுங்க. நான் இருக்கற வரைக்கும் அது நடக்காது. உன்னக் காலி பண்ணறதா இருந்தா நான்தான்யா பண்ணுவேன், வேற எவனுக்கும் அந்த உரிமை கிடையாது!"

வகீஹ் மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சின்ன வயதில் எனக்குத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தவர். அந்தப் பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

அன்று ஐந்து மணிக்கு அவர் இறங்கி வரவில்லை. மறுநாள் காலை நான் மேலே போனேன். மேஜை மேல் வாடகை ரசீதுகளை எல்லாம் வருட வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சத்தியம் அப்பாவிடம் பேசக்கூடாது என்றுதான், வகீஹ் மாமாவிடம் பேசக்கூடாது என்று இல்லை. நாலு மாதத்தில் வீட்டுக்கு வெளியே ஓர் ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் நூலை மேஜை மேல் வைத்தார்.

"அப்ப அந்தக் கெட்டதுக்கு என் பேர வெச்சிருக்கீங்க."

"உங்க பேரு இல்ல மாமா. குடித்தனக்காரர்னு பொதுவா..."

"இந்தக் கட்டடத்துல வேற எவன் இருக்கான், பொதுவா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க. "எல்லா அறையும் புடிச்சுட்டானா? காலியே பண்ண மாட்டேங்கறானா? அப்ப நான்தான், சந்தேகமே இல்ல" என்றார். சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் குருவிக் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் துணி போட்டு மூடினார். ஆறையும் மூடிவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதார்.

"மாமா, அப்பாகிட்ட மட்டும்..."

"அம்மாடி, முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தேன். லட்சம் கடுதாசி என் கை வழியா போயிருக்கு. ஒண்ணயாவது பிரிச்சுப் பாத்திருப்பேனா?"

அன்று ஐந்து மணிக்கு இறங்கி வந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் சமையலறையில் இருந்தேன். பலகை விரிகிற சத்தம் கேட்டது, பகடை உருளும் சத்தம் கேட்டது. வேறு என்னவோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது, என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

வியாழன் காலை பால்கனியில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். கை நடுக்கம் வந்ததிலிருந்து அது என் வேலை. ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு நுரை தடவும்போது சொன்னார்.

"நேத்து வகீஹ் அஞ்சு ஆட்டம் தோத்தான்."

"நல்லதாப் போச்சே. கடைசியில அதிர்ஷ்டம் உங்க பக்கம்."

"ஒரு தடவகூடக் கிள்ளல."

பிளேடு என் கையிலேயே நின்றது.

"நாப்பத்தொம்பது வருஷம், இன்ஸாஃபு. அவன் பொண்டாட்டி செத்து நாப்பதாம் நாள் ஆடினோம், அன்னிக்கும் கிள்ளினான். என் பெரிய கேஸுல நான் தோத்தேனே, அன்னிக்கு ரெண்டு மடங்கு கிள்ளினான். நேத்து பகடையப் பச்சைப்புள்ள மாதிரி உருட்டறான். நான் ஜெயிச்சதும் 'மாஷா அல்லாஹ் ஹாஜி'ங்கறான். என்னை ஹாஜின்னு மரியாதையா அவன் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா?"

நான் பிளேடைத் தண்ணீரில் அலசினேன்.

"ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். 'எல்லா அறைக்கும் பரவிட்டாரா'ன்னு போன்ல கேட்டியே. வகீஹ்கிட்ட இருக்கறது மூணு அறை. மூணுலயும் அவன் மொத நாள்லேந்து இருக்கான். இனிமே புதுசா எங்கம்மா பரவுவான்?"

நுரை அவர் கன்னத்தில் காய ஆரம்பித்திருந்தது. "அப்பா, நான் குர்ஆன் மேல..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும். எஹ்ஸான் புத்தி எனக்குத் தெரியாதா? சத்தியத்த உடைக்காத. உடைச்சா பத்து ஏழைங்களுக்குச் சோறு போடணும். இன்னிக்கு விக்கற விலையில பத்து பேரா? வேணாம். அதப் பத்திப் பேச வேணாம். குடித்தனக்காரரப் பத்திப் பேசலாம்ல? அதுக்குச் சத்தியம் இல்லயே?"

"இல்ல."

"எத்தனை அறை புடிச்சிருக்கான்?"

"எல்லாம்."

"மொட்டை மாடி?"

"அங்க இன்னும் ஏறல." மூளையைத்தான் கேட்கிறார் என்று புரிந்து சொன்னேன்.

"அது போதும். ஞாயித்துக்கிழமை நோட்டீஸ் குடுத்தா போயிடுவானா?"

"மாட்டான்பா. கொஞ்ச நாள் தள்ளிப் போகலாம். அதுவும் நிச்சயமில்ல."

"போன நோட்டீஸ்ல மூணு வாரம் போச்சு எனக்கு. அதக் குடுத்துக் கிடைக்கறதும் அவ்வளவுதான்னா, நான் எதுக்கு அங்க போய்ப் படுத்துக்கிடக்கணும்?" அவர் தெருவைப் பார்த்தார். கீழே ஒருவன் கழுதை வண்டியில் முலாம்பழம் விற்றுக்கொண்டிருந்தான். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. எல்லா அறையையும் புடிச்சுக்கிட்டு, சுவத்த எல்லாம் அரிச்சுட்டா, கட்டடம் விழுந்துடும்ல? விழுந்தா அந்த மடையன் எங்க போய்க் குடியிருப்பான்? யோசிச்சானா அவன்?"

நான் சிரித்துவிட்டேன். நாலு மாதத்தில் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான். அவரும் சிரித்தார், பாதிக் கன்னத்து நுரையோடு. சிரித்து முடிந்ததும் எனக்கு அழுகை வந்தது, கழிவறைக்கு ஓடவில்லை, அங்கேயே அழுதேன்.

"அப்பா, நான் அன்னிக்குப் பெட்டியோட வந்தப்ப..."

"ம்."

"நீங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல..."

"அதுக்கா இப்ப அழற? வகீஹையே சும்மா வெச்சிருக்கேன், உன்கிட்டயா வாடகை கேக்கப் போறேன்?" கன்னத்து நுரை ஒட்டிய கையாலேயே என் தலையைத் தொட்டார். "மறு கன்னத்த முடி. பாதி ஆளா நிக்கறேன்."

முடித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்னு ரிஃபாத்துக்குத் தெரியக் கூடாது. அவனுக்கு ரத்தம் கனம், தாங்க மாட்டான். எஹ்ஸானுக்கும் வேணாம். சத்தியம் பண்ணு."

ஆக, அதுவரை ஒரு பக்கம் பூட்டியிருந்த கதவு இப்போது இரண்டு பக்கமும் பூட்டு. அண்ணனின் பொய்யை அப்பா எதிரில் நான் காக்க வேண்டும், அப்பாவுக்குத் தெரியும் என்பதை அண்ணனிடம் மறைக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் லேசான ரத்தத்தோடு பிறந்ததற்குத் தண்டனை இது. கோபம் கோபமாக வந்தது. சத்தியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணன் வந்தான். ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துப்போகப் பையோடு வந்திருந்தான். "ஞாயித்துக்கிழமை அந்தக் கல்ல முழுசா எடுத்துடுவாங்கப்பா. நாளைக்கே கெய்ரோ கிளம்பிடலாம்" என்றான், செய்தி வாசிக்கிற மாதிரி.

"ஞாயித்துக்கிழமை முடியாதே. எனக்கு வாய்தா இருக்கு" என்றார் அப்பா. எங்கள் நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிறு வேலை நாள்.

"என்ன வாய்தா?"

"குருவி கேஸ். கேளு இவன."

வகீஹ் மாமா தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் ரசீதுக் கட்டு. "ஆமா ரிஃபாத். உங்கப்பா வரலன்னா கேஸ் என் பக்கம் போயிடும். எனக்கு லாபம்தான். ஆனா நாப்பத்தொம்பது வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஜெயிச்சு என்ன பண்ண?" என்றார்.

"கேஸா முக்கியம்? உடம்பா முக்கியம்? அப்பா, இதெல்லாம் விளையாட்டு இல்ல..."

"ரிஃபாத்," என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "என் கேஸு. நான்தான் போகணும்."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான், வகீஹ் மாமாவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் கையில் இருந்த சோற்றுத் தட்டைப் பார்த்தேன். பிறகு அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காரில் ஏறி உட்கார்ந்தவன் அரை மணி நேரம் வண்டியை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கோர்ட்டுக்குப் போகிற பழுப்புக் கோட்டைக் கேட்டார். அதற்குள் இரண்டு அப்பா போகலாம் போலிருந்தது. ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். கோர்ட் வாசல் வெறிச்சென்று கிடந்தது. காவலாளி ஒருவன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். எதிர்க் காபிக்கடையிலும் எங்களைத் தவிர ஆளில்லை. கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பலகையும் டீயும் கொண்டு வந்து வைத்தார்.

வகீஹ் மாமா பகடையை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினார்.

"இரு. ஒழுங்கா ஆடப் போறியா?" என்றார் அப்பா.

"ஒழுங்காத்தான்."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன். கிள்ளுய்யா. கிள்ளலன்னா நிஜமாவே உன்னக் காலி பண்ண வெச்சுடுவேன்."

வகீஹ் மாமா பகடையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தார், நழுவ விட்டார். இரண்டும் ஆறு.

"கிள்ளாதய்யா!" என்று அப்பா கத்தினார். காவலாளி தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? அப்போதுதான் புரிந்தது, புதன்கிழமை சமையலறையில் எனக்குக் கேட்காமல் போனது இந்தக் கத்தல்தான்.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான். நான் எழுந்து கடை வாசலுக்கு வந்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"கோர்ட்டுலதான்ணா. அப்பாவோட."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"இன்ஸாஃப், நானும் அந்தக் கேஸோடதான் வளந்தேன். கோடையில கோர்ட்டு மூணு மாசம் லீவு."

சுவரில் சாய்ந்துகொண்டேன். "அண்ணா..."

"அப்பாவுக்குத் தெரியும்னு வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. விடு." அவன் மூக்கை உறிஞ்சினான். "அப்பா என்ன பண்றாரு?"

"தோத்துக்கிட்டு இருக்காரு. வகீஹ் மாமா கிள்ளறாரு."

"நல்லா கிள்ளறாரா?"

"ரொம்ப நல்லா."

சிரித்தானா அழுதானா தெரியவில்லை, ஏதோ ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் வீட்டில் வாய்தா முடிந்து வருகிறவர்களிடம் எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டான். கனத்த ரத்தக்காரன், வாழ்க்கையில் ஒரு ஜோக் சொன்னதில்லை.

"சரி, ஜட்ஜ் என்ன சொன்னாரு?"

"ஒத்திவெச்சுட்டாருண்ணா."

"எந்தத் தேதிக்கு?"

உள்ளே அப்பா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டின் கை நழுவி விரலை மூட, குலுக்கிக்கொண்டிருந்தார்.

"தேதி போடல" என்றேன்.